திருப்பதி நடை: புத்தூர் தாண்டிய பிறகு குடும்பத்தை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது

புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கப் போகிறோம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கிளம்புவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ஷூ வாங்குவது, எத்தனை நாள் லீவு போடுவது, திருவள்ளூரில் எங்கே தங்குவது. அதெல்லாம் எப்படியோ அமைந்துவிடும். நாங்கள் பெரம்பூர்க்காரர்கள், சென்னையிலிருந்து திருமலைப் பெருமாளுக்கு ஊர்வலமாகப் போகிற திருக்குடை யானைக்கவுனி தாண்டுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் விடிகாலையில் கிளம்புவது எங்கள் வழக்கம், குடும்பமாக ஆறு வருஷம் நடந்திருக்கிறோம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இப்போது அறுபத்தெட்டு வயது, சின்னவனுக்கு ஒன்பது. இந்த ஆறு வருஷத்தில் எங்களுக்குச் சிக்கல் என்று வந்ததெல்லாம் புத்தூருக்கு அப்புறம்தான். அதனால் கடைசி 35 கிலோமீட்டரையும் மலையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திருத்தணி, நகரி எல்லாம் கடந்து புத்தூர் வரும்போது நூறுக்கு மேல் முடிந்திருக்கும். அங்கேதான் எல்லோருக்கும் ஒரு வேகம் வரும். "இன்னும் ஒரே நாள்தானே, ஒரே மூச்சில் போய்விடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்களும் தலையாட்டிவிடுவார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு நாள் நடந்த கால் அது, மனசுக்கு இருக்கிற தெம்பு காலுக்கு இருக்காது.

முதல் வருஷம் நாங்கள் அதைத்தான் செய்தோம். சாயங்காலம் திருப்பதிக்குள் நுழையும்போது மலைமேல், படி வழியில் இருக்கிற காலி கோபுரத்தில் சங்கு, நாமம், சக்கரம் மூன்றும் விளக்கில் எரிந்துகொண்டிருந்தன. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, கோவிந்தா கோவிந்தா என்று அப்படியே மலையடிவாரத்தில் படி தொடங்குகிற அலிபிரியில் ஏற ஆரம்பித்துவிட்டோம். ஆயிரத்துச் சொச்சம் படி தாண்டியதும் மாமாவுக்கு இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டது. உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனார், நான் மாமாவோடு இருந்து மெதுவாகக் கீழே இறக்கிக் கூட்டிவந்து பஸ்ஸில் ஏற்றினேன். போனில் சார்ஜ் இல்லாமல் மறுநாள் காலையில்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம். "பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு மேலே போய்ச் சேரணும்னுதான்ம்மா வந்தேன்" என்று மாமா சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு கட்டாயம். ரோட்டு நடைக்கும் மலைக்கும் நடுவில் ஒரு முழு ராத்திரித் தூக்கம். லீவு ஒரு நாள் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

புத்தூரிலிருந்து திருப்பதி வரை உள்ள தூரத்தை இரண்டாக உடையுங்கள். குடும்பமாக நடந்தால், நின்று நின்று போவதையும் சேர்த்து, மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் கணக்கு. விடிகாலை மூன்று மூன்றரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வடமாலப்பேட்டை வந்துவிடலாம். பகலில் அங்கே நிழலான இடமாகப் பார்த்து ஜமுக்காளம் விரித்துப் படுத்துவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் மிச்சத்தைத் தொடங்கலாம், முடியாது போலிருந்தால் அன்று அங்கேயே தங்கி மறுநாள் விடிகாலையில் போகலாம். புரட்டாசி வெயில் குறைவு என்று நினைக்காதீர்கள். பகலில் சுடும், சாயங்காலம் மழை கொட்டும், இரண்டுக்கும் தயாராக இருக்கவேண்டும்.

இருட்டில் நடக்கும்போது எதிரில் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக, ரோட்டை விட்டு இறங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் தூக்கக் கலக்கம் இருக்கும், கால் தானாக ரோட்டுப் பக்கம் இழுக்கும். பை முதுகிலும் பிள்ளைகள் சட்டை முதுகிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வரிசைக்கு முன்னால் ஒரு டார்ச், பின்னால் ஒரு டார்ச். முன்னால் போகிறவர் யார் என்பதுதான் முக்கியம். வீட்டிலேயே யார் மெதுவாக நடப்பாரோ அவரை முன்னால் விடுங்கள். அவர் பின்னால் வந்தால், முன்னால் போகிறவர்கள் நின்று காத்திருந்து, அவர் வந்து சேர்ந்த உடனே மறுபடி கிளம்பிவிடுவார்கள். எல்லோருக்கும் ஓய்வு கிடைத்திருக்கும், அவருக்கு மட்டும் கிடைத்திருக்காது. மாமாவை முன்னால் விட்ட வருஷத்திலிருந்து எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

அப்புறம் கால். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி எல்லோர் காலையும் நீங்களே பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். பெரியவர்கள் "ஒண்ணும் இல்லை"ம்பார்கள், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வலிக்கிறது என்பார்கள். போன வருஷம் வடமாலப்பேட்டையில் என் பெண் சாக்ஸைக் கழற்றியபோது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், தோல் கண்ணாடி மாதிரி பளபளத்து உள்ளே நீர் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் சின்னதாக உறுத்தியபோதே சொல்லியிருந்தால் ஒரு துண்டு பிளாஸ்திரி போதும். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் மேலே பிளாஸ்திரி போட்டு விட்டுவிடுங்கள். நடக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக விண்ணென்று இருந்தால் மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல் தோலைப் பிய்க்கவே கூடாது, அதுதான் காயத்துக்கு மூடி. அதன் மேல் மருந்து தடவி, காஸ் துணி வைத்து ஒட்டி, காய்ந்த சாக்ஸ் போடுங்கள். ஈர சாக்ஸோடு ஒரு கிலோமீட்டர்கூட நடக்கவிடாதீர்கள். தொடை உரசுகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெயோ வேசலினோ, எரிச்சல் வருவதற்கு முன்பே.

சர்க்கரை இருக்கிறவர்கள் விஷயத்தில் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், காயம் பட்டதே தெரியாமல் நடந்துவிடுவார்கள். இவ்வளவு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும், அதனால் சட்டைப் பையிலேயே குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும், வண்டியில் இருக்கிற பையில் இருந்தால் நேரத்துக்குக் கிடைக்காது. மாத்திரை அளவை மாற்றவேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தூர் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் எலும்பு முறிவுக்குப் போடுகிற புத்தூர் கட்டு ஞாபகத்துக்கு வரும், அதே புத்தூர்தான் இது. ஆனால் கணுக்கால் மடங்கி வீங்கி, நாலு அடிகூட ஊன்றி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் நடை வேண்டாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடப்பதும் தப்பு. வலி தெரியாமல் போகுமே தவிரக் காயம் ஆறாது, வெறும் வயிற்றில் போட்டால் வயிறும் கெடும்.

தண்ணீர் நிறையக் குடித்தும் கால் இழுக்கிறது, தலை சுற்றுகிறது என்றால், வியர்வையில் போன உப்பு திரும்பி வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் இடையில் உப்புப் போட்ட மோர், ஓஆர்எஸ் கொடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுசாகக் கரைக்கவேண்டும், பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு எங்கள் கையில் எப்போதும் இருப்பது மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கடலைமிட்டாயும். வழியில் அன்னதானம் நிறையக் கிடைக்கும், மனசாரக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் நடக்காதீர்கள்.

திருப்பதி வந்ததும் நேராக ரூமுக்குப் போய்விடுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரில் விஷ்ணு நிவாசம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்ரீநிவாசம் என்று தேவஸ்தான விடுதிகள் இருக்கின்றன, புரட்டாசியில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கால்மணி நேரம் கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், வீக்கம் வடியும். போன்களைச் சார்ஜ் போடுங்கள். ஒரிஜினல் ஆதார் எல்லோருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தரிசன டோக்கன் எங்கே, எப்போது தருகிறார்கள் என்பது அடிக்கடி மாறுகிறது, போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் தேவஸ்தான வெப்சைட்டில் முந்தின நாள் பாருங்கள்.

மலைக்கு விடிகாலையில் நடைபாதை திறந்ததும் ஏறுவதுதான் நல்லது. பிள்ளைகள் இருந்தால் வேறு வழியே இல்லை. 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு, பிள்ளைகளை மதியத்துக்கு மேல் ஏற விடுவதில் கட்டுப்பாடு வந்தது. வயது வரம்பு மாறக்கூடும், அதையும் முந்தின நாளே விசாரியுங்கள். பிள்ளைகள் கையை விடாதீர்கள், முன்னால் ஓடவிடாதீர்கள், கூட்டத்தோடு கூட்டமாகவே போங்கள்.

பெரிய பைகளை அலிபிரியில் கொடுத்துவிட்டால் மேலே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள், காசு கிடையாது. மாத்திரை, தண்ணீர், ஒரு துண்டு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், வழியில் குழாய் இருக்கிறது.

மொத்தம் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். படி கணக்கைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம், அது சமமாகப் பிரிந்து வருவதில்லை. காலி கோபுரம் வரைக்கும்தான் செங்குத்து, பாதிக்கு மேல் படி அதிலேயே முடிந்துவிடும். இதற்குத்தான் பிள்ளைகளிடம் "கோபுரம் வரைக்கும்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போவேன். அதற்குப் பிறகு நடக்கிற மாதிரியான பாதை, ஏழாவது மைல் என்று பெயருள்ள இடத்தில் பெரிய ஆஞ்சநேயர் சிலை வரும், அங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். கடைசியில் வருவதுதான் முழங்கால் முறிச்சான், தெலுங்கில் மோக்காலு மெட்டு. மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று சொல்கிற இடம். ஏறக்குறைய முடிந்தது என்று நினைக்கும்போது அது வரும் என்பதால் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், தெரிந்து ஏறினால் அவ்வளவு கஷ்டமில்லை. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கலாம், ஆனால் அங்கே உட்காராதீர்கள், உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு அழுத்தம், கை வலி, மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு படிகூட ஏற்றாமல் அங்கேயே உட்காரவைத்து உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒருவருக்குக் காலையிலேயே முடியவில்லை என்றால் அவரை அலிபிரியிலிருந்து பஸ்ஸில் அனுப்புங்கள், கூடத் துணைக்கு ஒருவர். மேலே படி முடிகிற இடத்தில் அவர் வந்து நிற்கட்டும். போன வருஷம் மாமா அப்படித்தான் வந்தார், கடைசி இருபது படி இருக்கும்போது இறங்கி வந்து பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு ஏறினார்.

தரிசன வரிசையில் மணிக்கணக்கில் உட்காரவேண்டி வரும், பெரியவர்களைக் கழிப்பறைக்குப் பக்கமாக உட்காரவையுங்கள். திரும்பி வரும்போது படியில் இறங்கவே வேண்டாம், முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கேடு. பஸ்ஸில் இறங்கி, மாதவரம் பஸ்ஸிலோ சப்தகிரி எக்ஸ்பிரஸ் ரயிலிலோ ஏறி உட்காருங்கள், வழியில் எங்கேயாவது பஸ் நின்றால் எல்லோரையும் ஒரு தடவை இறக்கி இரண்டு நிமிஷம் நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் மாதவரத்தில் இறங்கும்போது ஒருவராலும் காலை நீட்ட முடியாது.