ஊரில் ஹைகோர்ட் கேஸா? சிங்கப்பூரில் இருந்துகொண்டே அதைப் புரிந்துகொள்வது எப்படி

தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கூடி டீ குடித்தால், அதில் ஒருவருக்காவது ஊரில் கேஸ் இருக்கும். பங்காளித் தகராறு, பட்டா மாறுதல், தம்பி மேல் வரதட்சணை புகார், ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றியது, இப்படி ஏதாவது. கேட்டால் "ஹைகோர்ட்டுல நடக்குது, வக்கீல் பாத்துக்குறாரு" என்பார்கள். என்ன மனு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, நீதிபதி எதைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் வராது, பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நம்மில் நிறையப் பேருக்குக் கேஸ் தமிழ்நாட்டில்தான் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தை வைத்தே சொல்கிறேன். மற்ற மாநிலங்களிலும் அடிப்படை இதேதான், வழக்கு எண்ணில் போடும் எழுத்துகள் கொஞ்சம் மாறும்.

"ஜெயிச்சிடுவோமா?" என்று வக்கீலிடம் கேட்பதை விட்டுவிட்டு முதலில் வழக்கு எண்ணை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது. ஏ.எஸ். என்றால் முதல் மேல்முறையீடு, எஸ்.ஏ. என்றால் இரண்டாம் மேல்முறையீடு, சி.ஆர்.பி. என்றால் சிவில் சீராய்வு (கீழ்க் கோர்ட்டின் உத்தரவைச் சரிபார்க்கக் கேட்பது), டபிள்யூ.பி. என்றால் ரிட் மனு (பெரும்பாலும் அரசு அதிகாரியின் உத்தரவை எதிர்ப்பது), டபிள்யூ.ஏ. என்றால் அந்த ரிட் தீர்ப்பின் மேல் அப்பீல், கிரிமினல் ஓ.பி. என்றால் பெரும்பாலும் ஜாமீன், முன்ஜாமீன் அல்லது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்பது, எச்.சி.பி. என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரைக் கோர்ட்டில் நிறுத்தக் கேட்பது. அதே நிலம், அதே சண்டையாக இருந்தாலும் எந்த மனுவில் வருகிறதோ அதைப் பொறுத்து நீதிபதி தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி மாறிவிடும்.

எண்ணோடு எம்.டி. என்று சேர்ந்திருந்தால் கேஸ் மதுரைக் கிளையில் இருக்கிறது. 2004 ஜூலையில் தொடங்கிய கிளை அது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் மதுரைக்குப் போகும், ஆனால் தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்குத்தான் போகும். நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வக்கீலைத் தேடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய ரயில் டிக்கெட் செலவும் உங்கள் தலையில்தான்.

சரி, சிவில் கேஸ். நம்ம ஆட்கள் அதிகம் ஏமாந்துபோவது இரண்டாம் மேல்முறையீட்டில்தான். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு மறித்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் சாட்சி விசாரித்து, கோர்ட் நியமித்த ஆணையர் போய் இடத்தைப் பார்த்து வரைபடம் கொடுத்து, கடைசியில் "அங்கே பாதையே இருந்ததில்லை" என்று தீர்ப்பு வருகிறது. சப் கோர்ட்டும் அதையே சொல்கிறது. ஹைகோர்ட் நீதிபதியாவது நியாயமாகப் பார்ப்பார் என்று அப்பீல் போடுகிறீர்கள். அவர் பாதை இருந்ததா இல்லையா என்று மறுபடி தேடமாட்டார். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 100, அதுவும் 1976 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் இரண்டாம் அப்பீலையே ஏற்கச் சொல்கிறது. கீழே இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி முடிவுக்கு வந்த உண்மை விவரத்தில் கை வைக்க அவருக்கு வழி ரொம்பக் குறைவு. ஆனால் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே பாதை எழுதியிருந்து, அந்தப் பத்திரத்தைக் கீழ்க் கோர்ட் கண்டுகொள்ளவே இல்லை என்றால், அது சட்டக் கேள்வியாக மாற வாய்ப்பு உண்டு. ஆகவே வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "சார், மனுவுல என்ன சட்டக் கேள்வி எழுதியிருக்கீங்க?" அவர் அதை ரெண்டு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மேல்முறையீடு அப்படி இல்லை. அங்கே சாட்சியம், ஆவணம் எல்லாவற்றையும் நீதிபதி புதிதாக எடை போடலாம். சென்னை நகருக்குள் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சிவில் வழக்கென்றால் ஹைகோர்ட்டிலேயே முதல் கட்ட விசாரணையும் நடக்கும், அது வேறு கதை.

பாகப்பிரிவினை கேஸ்களில் ஒன்றைக் கவனியுங்கள். கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் மாறிவிடும். தமிழ்நாட்டில் 1989ல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, அன்றைக்குத் திருமணமாகியிருந்த பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005ல் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பங்கு தரும் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லிவிட்டது. பழைய கேஸில் அக்காவுக்குப் பங்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள் வக்கீலிடம் மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ்க் கோர்ட்டில் நீங்கள் ஜெயித்திருந்தால் சும்மா இருக்காமல் கேவியட் மனு போட்டு வையுங்கள். எதிர்த் தரப்பு அப்பீல் போட்டு, உங்களுக்குத் தெரியாமலேயே தடையாணை வாங்கிவிடாமல் இருக்க இதுதான் வழி. 90 நாள்தான் செல்லும், அப்புறம் புதிதாகப் போட வேண்டும். தோற்றிருந்தால், ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகவும் அதே 90 நாள்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் "நான் சிங்கப்பூர்ல இருந்தேன்" என்பது மட்டும் காரணமாகாது. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் எந்த நீதிபதி அதை ஒத்துக்கொள்வார்?

கிரிமினல் பக்கம் வந்தால் முதலில் பிரிவு எண் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. இத்தனை வருடம் "482 போட்டிருக்கோம்" என்றால் எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம். புதுச் சட்டத்தில் அது 528 ஆகிவிட்டது, 482 என்பது இப்போது முன்ஜாமீன். யார் இப்படி எண் போட்டார்களோ தெரியவில்லை, பழைய வக்கீல்களே தடுமாறுகிறார்கள்.

எஃப்ஐஆரை ரத்து செய்யும் மனுவில் நீதிபதி பார்ப்பது, புகாரில் எழுதியிருப்பது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அதில் ஒரு குற்றம் இருக்கிறதா என்பதைத்தான். புகார் உண்மையா பொய்யா என்று அவர் அங்கே தீர்மானிப்பதில்லை. "சம்பவம் நடந்ததா சொல்ற தேதியில நான் உட்லண்ட்ஸ்ல ஷிப்ட்ல இருந்தேன், பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கு" என்று ஒருவர் சொல்வார். நல்ல ஆதாரம்தான். யாராலும் மறுக்க முடியாத ஆவணம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் அபூர்வமாக அந்தக் கட்டத்திலேயே பார்ப்பார், ஆனால் வழக்கமாக "அதை விசாரணை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளுங்கள்" என்றுதான் உத்தரவு வரும். புகாரில் உங்களைப் பற்றி "இவரும் சேர்ந்து கொடுமை செய்தார்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்து, என்ன செய்தார், எப்போது செய்தார் என்று ஒன்றுமே இல்லாவிட்டால், அதுதான் ரத்து மனுவுக்கு உண்மையான பலம். கணவன் மனைவி வழக்கு, பணத் தகராறு மாதிரி விஷயங்களில் இரு தரப்பும் சமாதானமாகப் போனால் அதையும் ஏற்று ரத்து செய்வார்கள். கொலை, பாலியல் வன்கொடுமை, ஊழல் வழக்குகளில் சமாதானம் எடுபடாது.

தண்டனைக்கு எதிரான அப்பீலில் கேள்வி வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருக்கிறார்களா என்று சாட்சியத்தை முழுதாக மறுபடி பார்ப்பார்கள். கீழே விடுதலை ஆன ஒருவருக்கு எதிரான அப்பீல் என்றால், இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தாலே விடுதலையில் கை வைக்கமாட்டார்கள். மரண தண்டனையை ஹைகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்றவே முடியாது, குற்றவாளி அப்பீல் போடாவிட்டாலும் அது தானாக மேலே வந்துவிடும்.

நிர்வாக விஷயங்கள், அதாவது பட்டா, பாஸ்போர்ட், அரசு வேலை, நில எடுப்பு, கட்டட அனுமதி, இதெல்லாம் அரசியலமைப்பின் 226வது பிரிவின் கீழ் ரிட் மனுவாக வரும். இங்கே நீதிபதி தாசில்தார் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. தாசில்தாருக்கு அந்த உத்தரவு போட அதிகாரம் இருந்ததா, உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாரா, உங்கள் தரப்பைக் கேட்டாரா, உத்தரவில் காரணம் எழுதினாரா, இவைதான் கேள்விகள். ஒரு குறை இருந்தால் உத்தரவை ரத்து செய்து "புதிதாக விசாரித்து முடிவெடு" என்று அதே அதிகாரியிடம் திருப்பி அனுப்புவார். ஜெயித்துவிட்டோம் என்று ஊரில் இனிப்பு வாங்கிக் கொடுப்பவர்களுக்கு, கேஸ் தாலுகா ஆபீஸுக்கே திரும்பிப் போயிருப்பது பிறகுதான் தெரியும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும்போது அதைத் தாண்டி நேராக வந்தால் "முதலில் கோட்டாட்சியரிடம் போ" என்பார்கள். நிலம் யாருடையது என்பதே சண்டை என்றால் "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்பார்கள், ஏனென்றால் ரிட்டில் பொதுவாகச் சாட்சி விசாரணை கிடையாது, இரு தரப்புப் பிரமாணப் பத்திரமும் ஆவணமும்தான்.

அதிகாரி ஒன்றுமே செய்யாமல் மனுவைக் கிடப்பில் போட்டிருந்தால் இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று உத்தரவு வாங்கலாம். அதற்கு நீங்கள் மனு கொடுத்ததற்கான சான்று வேண்டும், அதனால் இங்கிருந்து அனுப்புவதையெல்லாம் ஊரில் ஒருவர் மூலம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பச் சொல்லுங்கள். உத்தரவை அதிகாரி மதிக்கவில்லை என்றால் அவமதிப்பு மனு உண்டு, அதற்கு ஒரு வருடம்தான் கெடு.

பல மனுக்களை ஒரே நீதிபதி முடிப்பார். ஆட்கொணர்வு, ரிட் அப்பீல், ஆயுள் தண்டனை அப்பீல் மாதிரியானவை இரண்டு நீதிபதிகள் அமர்வுக்குப் போகும். இருவரும் மாறுபட்டால் மூன்றாவது நீதிபதி. 18 எம்எல்ஏக்கள் தகுதி நீக்க வழக்கு ஞாபகம் இருக்கும்: 2018 ஜூனில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி ஒரு பக்கம், நீதிபதி சுந்தர் ஒரு பக்கம். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் தகுதி நீக்கம் செல்லும் என்றதும்தான் முடிவு வந்தது.

இனி இங்கிருந்து கவனிப்பது. ஈகோர்ட்ஸ் ஆப்பை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும், 16 எழுத்துகள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதியும் உத்தரவுகளும் வரும். மறுநாள் எந்தக் கோர்ட்டில் எத்தனையாவது கேஸ் என்ற பட்டியல் முந்தைய நாளே ஹைகோர்ட் இணையதளத்தில் வந்துவிடும். அங்கே காலை 10.30க்குக் கோர்ட் கூடினால் நமக்கு மதியம் ஒரு மணி, அதனால் காலையிலேயே வக்கீலை அழைத்துத் தொல்லை செய்ய வேண்டாம். ஆப்பில் "டிஸ்போஸ்டு" (வழக்கு முடிந்தது) என்று பார்த்துவிட்டு யாருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் அதையேதான் காட்டும். உத்தரவின் பிடிஎஃபை இறக்கி கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

ஊரில் இருப்பவருக்குப் பவர் கொடுக்க, கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கலாம். நோட்டரியிடம் போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டிலும் செல்லும் சான்று) வாங்கும் வழியும் 2021 செப்டம்பரில் இருந்து இருக்கிறது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை விட்டுவிட்டு அபராதத்தோடு அலைபவர்கள் உண்டு. பவர் வாங்கியவர் உங்களுக்காக வழக்கு நடத்தலாம், ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்துக்கு அவர் சாட்சி சொன்னால் செல்லாது, அதற்கு நீங்களே லீவ் போட்டுப் போக வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் போவதென்றால் பொதுவாக 90 நாள். சிவிலில் ஜெயித்திருந்தால் தீர்ப்பு தானாக வேலியைப் பிரித்துவிடாது, நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும். வேலியை அகற்றச் சொல்வது மாதிரியான கட்டளைக்கு மூன்று வருடம்தான் கெடு, மற்றவற்றுக்குப் பொதுவாக 12 வருடம் வரை நேரம் இருக்கிறது என்றாலும் அந்த வாரமே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.