நாற்பதுக்கு மேல் 1500 மீட்டரை 5 நிமிடத்துக்குள் ஓட நினைப்பவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

நாற்பது வயதுக்கு மேல் ஓட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 10 கிலோமீட்டர், ஹாஃப் மாரத்தான், அப்புறம் ஃபுல் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டேதான் போகிறார்கள். நாலைந்து வருஷம் கழித்து அவர்களில் சிலருக்கு, தூரம் போதும், நம்மால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று பார்த்துவிடலாமே என்று தோன்றுகிறது. 2025 நவம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி நடந்த பிறகு, என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அவர்களில் நிறைய பேர் சொல்லும் இலக்கு ஒன்றுதான்: 1500 மீட்டர், 5 நிமிடத்துக்குள்.

நல்ல இலக்கு. ஒவ்வொரு 100 மீட்டரும் 20 நொடி, ஒவ்வொரு சுற்றும் 80 நொடி. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 நொடி வேகம். இதே உடல்தகுதியில் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ பதினெட்டரையிலிருந்து பத்தொன்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும். 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு இது இரண்டு, மூன்று வருஷ வேலை. முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது: ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பது, அதுவும் கல்லூரிக் காலத்தில் ஓடிய நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய நேரத்தை மறந்துவிடுங்கள். இந்த மாதம் உங்களால் 3 அல்லது 5 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓட முடிகிறது, அதிலிருந்துதான் கணக்கு. முதல் நாளே டிராக்குக்குப் போய் 1500 மீட்டரை முழு மூச்சில் ஓடிச் சோதிக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வயசானால் முடியாது என்று சொல்பவர்களுக்கு: அயர்லாந்தின் ஈமன் காக்லன் 1994-இல் தன் 41-வது வயதில் உள்ளரங்கில் ஒரு மைலை 3:58.15-இல் ஓடினார், நாற்பதைத் தாண்டியவர் ஒருவர் 4 நிமிடத்துக்குள் மைல் ஓடியது அதுதான் முதல் முறை. ரஷ்யாவின் யெகதெரினா பொத்கபாயெவா 44 வயதில், 1997 உலக உள்ளரங்கப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். பெர்னார்ட் லகாட் 41 வயதில் ரியோ ஒலிம்பிக் 5000 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார். உற்சாகம் தரும் பெயர்கள்தான், ஆனால் இவர்களுடைய பயிற்சியை எடுத்து நாம் செய்யக் கூடாது. காக்லன் 1983-லேயே உள்ளரங்க மைலை 3:49.78-இல் ஓடியவர். பதினொரு வருஷத்தில் அவர் இழந்தது எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அவர் கால்கள் சின்ன வயசிலிருந்தே வேகத்துக்குப் பழகியவை. நம் கால்கள் அப்படி இல்லை, பதினைந்து வருஷம் ஆபீஸ் நாற்காலியில் இருந்தவை.

நான் பார்த்த வரை, இந்த வயதில் இலக்கு கைவிட்டுப் போவது பெரும்பாலும் கெண்டைக்காலில்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும், ஆறு வாரம் ஒழுங்காக ஓடினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணும் அந்த வேகத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக மாதக்கணக்கில் ஆகும், வயசு ஏற ஏற இன்னும் நிதானமாகத்தான் ஆகும். இடைப்பட்ட அந்தக் காலம்தான் ஆபத்து. மூச்சு "இன்னும் போகலாம்" என்கிறது, நீங்களும் போகிறீர்கள், எட்டாவது வாரமோ பத்தாவது வாரமோ 400 மீட்டர் ரிப்பீட்டில் (ஒரே தூரத்தை ஓய்வு விட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது) கெண்டைக்காலில் சுருக்கென்று பிடிக்கிறது, மூன்று வாரம் போச்சு. திரும்பி வந்து, விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதே வேகத்தில் ஓடி, அதே இடத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு வருஷம் முழுக்கப் போனவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் கடினமாக உழைப்பவர்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் வேகத்தைப் படிப்படியாகக் கொண்டு வாருங்கள். முதல் ஒன்றரை, இரண்டு மாதம் ஈஸி ரன் முடிந்த பிறகு புல்தரையில் 80 முதல் 100 மீட்டர் வரை, முழு வேகத்தில் இல்லாமல் தளர்வாக, ஐந்தாறு முறை ஓடினால் போதும், வாரத்துக்கு இரண்டு தடவை. அடுத்து மேட்டில் சின்னச் சின்ன ஓட்டங்கள். மேட்டில் வேகம் குறைவாக இருந்தாலும் தசைக்கு நல்ல வேலை, தரையில் பாதம் மோதும் அதிர்வும் குறைவு. (ஆனால் மேடு கெண்டைக்காலை நன்றாக இழுக்கும், மூன்று, நான்கில் ஆரம்பியுங்கள்.) அதன் பிறகு டிராக்கில் 200 மீட்டர் ஓட்டங்கள், இலக்கு வேகமான 40 நொடியில், நடுவில் தாராளமாக ஓய்வு விட்டு. 400, 500, 600 எல்லாம் அதற்கப்புறம்தான். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வாங்கிய உடனே போட்டுக்கொண்டு முழு பயிற்சியும் செய்துவிடுவார்கள். அதில் குதிகாலுக்குக் கீழே உயரம் குறைவு, முன்பாதத்தில் ஓட வைக்கும், அந்தச் சுமை முழுக்க அக்கிலீஸில்தான் இறங்கும். முதலில் கடைசி இரண்டு 200 மட்டும் அதில் ஓடுங்கள், பிறகு மெதுவாகக் கூட்டுங்கள்.

கெண்டைக்காலுக்குத் தனியாக வலுப்பயிற்சி செய்யாமல் இந்த இலக்கை நினைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை. இரண்டும் வேண்டும், ஏனென்றால் முழங்காலை மடக்கினால்தான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு அதிக வேலை, ஓட்டத்தில் பெரும் சுமையைத் தாங்குவது அதுதான். உடம்பு எடை எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே, பல் தேய்த்த கையோடு செய்கிற வேலை, ஆனாலும் பலர் இதைத்தான் முதலில் விடுகிறார்கள். இன்னொன்று, காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே விறைப்போ வலியோ நேற்றைவிட அதிகமாக இருந்தால் அன்றைக்கு வேகப் பயிற்சி கிடையாது. அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இதயத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே, பலருக்கு நாற்பதுகளிலேயே வருகிறது. இதுவரை மெதுவாக நீண்ட தூரம் ஓடியிருக்கிறீர்கள் என்பது, முழு வேகத்தில் ஓட இதயம் தயார் என்பதற்குச் சான்று இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் செய்துகொள்ளுங்கள், குடும்பத்தில் சின்ன வயசில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேஸ் என்று நினைத்து ஜெலுசில் குடித்துவிட்டு அடுத்த ரிப்பீட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்து, 1500 மீட்டர் என்றால் இன்டர்வெல்தான், அதாவது நடுவில் ஓய்வு விட்டு ஓடும் வேக ஓட்டங்கள்தான், என்ற எண்ணம். 1500 மீட்டர் பந்தயத்தில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு பிராணவாயுவைப் பயன்படுத்தித்தான் உற்பத்தியாகிறது, 800 மீட்டரில்கூட பாதிக்கு மேல் அப்படித்தான். அதனால் ஹாஃப் மாரத்தானுக்காகச் செய்துவந்த ஈஸி ரன்களையும் வாரக் கடைசி நீண்ட ஓட்டத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வாரத்துக்கு மூன்று நாள் டிராக்கில் கிடந்தால், இரண்டு மாதம் வேகம் கூடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: வருஷக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடிவிட்டு, 400 மீட்டரை ஒருமுறைகூட 70 நொடிக்குள் ஓட முடியாத நிலையில் 80 நொடிச் சுற்றுகளைத் தொடர்ந்து ஓட நினைப்பது. 80 நொடி உங்களுக்கு நிதானமான வேகமாகத் தோன்ற வேண்டும், அதற்கு அதைவிட வேகமாக ஓடத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈஸி ரன் ஈஸியாக இல்லாததுதான் நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் பிழை. சென்னையில் விடிகாலை ஐந்து மணிக்கே புழுக்கம், அதில் டிசம்பர் மாத வேகத்தை ஏப்ரலிலும் பிடித்து வைக்கப் பார்த்தால், ஓய்வு நாளாக இருக்க வேண்டியது இன்னொரு கடின நாளாகிவிடும். வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு எல்லைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பொதுச் சராசரி மட்டுமே, 45 வயதுக்காரருக்கு அது 175 என்று சொல்லும், உண்மை பத்துப் பதினைந்து கூடவோ குறையவோ இருக்கலாம். கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அது போதும்.

வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் பயிற்சியும் ஏழு நாளில் சுற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருபது வயதுப் பையன் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று கடின நாட்களைத் தாங்குவான். உங்களுக்கு ஒரு கடின நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு, சில சமயம் மூன்று நாள் வேண்டும், அதனால் ஒன்பது, பத்து நாள் சுழற்சி வைத்துக்கொண்டால் எல்லாமே உள்ளே அடங்கும். ராத்திரி பன்னிரண்டு வரை அமெரிக்கக் கிளையண்டோடு கால் பேசிவிட்டு நாலரைக்கு எழுந்து டிராக்குக்கு ஓடாதீர்கள், தூங்குங்கள், பயிற்சி நாளைக்கு இருக்கும். சாப்பாட்டில் புரதம்: இந்த வயதில் ஓடுபவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள், நாலு இட்லி சாம்பாரில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு கிராம்தான். முட்டை, மீன், பனீர், சுண்டல், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது சேர வேண்டும். பெண்கள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடலில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது இரத்தப்போக்கு அதிகமானால் இரும்புச்சத்து வேகமாகக் குறையும், ஓட்டம் மந்தமாவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டிராக்கில் அளவுப் பிழைகளும் உண்டு. ஜி.பி.எஸ். வாட்ச் வளைவுகளில் தூரத்தைத் தப்பாகக் காட்டும், சாதாரண ஸ்டாப்வாட்சும் தரையிலுள்ள கோடுகளும் போதும். 400 மீட்டர் என்பது உள்பக்க முதல் லேனில் மட்டும்தான். நாலாவது லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 422 மீட்டர், எட்டாவதில் 453. நடைப்பயிற்சிக்காரர்கள் முதல் லேனில் வரிசையாகப் போகிறார்கள் என்று வெளியே நகர்ந்து ஓடிவிட்டு, "84 நொடி ஆகிறது, எனக்கு முன்னேற்றமே இல்லை" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி நாளில் வரும் தவறு ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான், முதல் 300 மீட்டர். 1500 மீட்டர் தொடங்கும் இடத்திலிருந்து முடிவுக்கோட்டை முதல் முறை கடக்கும்போது 300 மீட்டர் முடிந்திருக்கும், அங்கே கடிகாரம் 60 நொடி காட்ட வேண்டும். உற்சாகத்தில் 54, 55-இல் கடந்துவிடுவார்கள். அந்த ஐந்து நொடிக்குக் கடைசியில் பதினைந்து நொடி கட்ட வேண்டிவரும். 700-இல் 2:20, 1100-இல் 3:40, இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 700-க்கும் 1100-க்கும் நடுவில் இருக்கும் சுற்றில்தான் பெரும்பாலானவர்கள் தெரியாமலே 84, 85-க்கு விழுகிறார்கள், ஏனென்றால் அங்கே கஷ்டம் முழுசாக வந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. பயிற்சியிலேயே இதற்குப் பழகலாம்: போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 700 மீட்டரை 2:20-இல் ஓடி, இரண்டு நிமிடம் மட்டும் நின்றுவிட்டு, உடனே ஒரு 400-ஐ 80-க்குள் ஓடுங்கள். இது முடிந்தால் நீங்கள் கிட்டத்தட்ட தயார்.

அப்புறம், வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டியில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். மாவட்ட, மாநில மூத்தோர் போட்டிகளில் பெயர் கொடுங்கள். மத்தியான வெயிலில் ஹீட் (தகுதிச் சுற்று) வைத்துவிட்டால் அன்றைக்கு நேரத்தை எதிர்பார்க்க வேண்டாம், பந்தயமாக மட்டும் ஓடுங்கள், 800 மீட்டருக்கும் பெயர் கொடுத்து வேகம் பழகுங்கள். 5:12 வந்தால் அடுத்த சீசனுக்கு இலக்கை 5:05 என்று வைத்து, 1100 மீட்டர் வரை 3:43-இல் வந்து சேரப் பாருங்கள். ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு என்பதால் 44 வயதில் தன் பிரிவில் மூத்தவராக ஓடியவர் 45 ஆனதும் புதுப் பிரிவில் இளையவராக நிற்பார், அந்த வருஷத்துக்காகவே இரண்டு வருஷம் முன்பிருந்து தயாராகிறவர்கள் உண்டு.