புள்ளி சாலையில் இருக்கிறது, வண்டி எங்கே இருக்கிறது?

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து போனேன். மேம்பாலத்தில் ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் அதை ஒட்டிச் செல்லும் சர்வீஸ் சாலையில் வண்டியை விட்டார். "பாலத்தில் ஏறவில்லையே" என்றேன். வழிகாட்டும் செயலி ஓடிக்கொண்டிருந்த மொபைல் திரையைக் காட்டினார். "இல்லை சார், புள்ளி சரியான பாதையில்தான் போகிறது" என்றார்.

இதே வாக்கியத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழகிய அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைத் தவறாகத் தட்டுவது, ஓட்டிக்கொண்டே திரையைத் தடவுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளே இங்கே.

கிளம்பிய உடனே அம்புக்குறியை நம்புவது

நிற்கும் வண்டி எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் அறியாது. வண்டி நகர்ந்த பிறகே அதற்குத் திசை புலப்படும். மொபைலில் காந்தத் திசைகாட்டி இருக்கிறது, ஆனால் சுற்றிலும் உள்ள இரும்பும், மொபைலைப் பிடித்திருக்கும் காந்தத் தாங்கியும் அதைக் குழப்பிவிடும். ஆகவே வாசலிலிருந்து வெளியே வந்ததும் அம்பு காட்டும் பக்கம் அப்படியே திரும்பாதீர்கள். சிறிது தூரம் உருட்டுங்கள், அம்பு தானாக நிலைக்கு வரும்.

தரைக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போதும் இப்படித்தான். ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை ஒருமுறை சொல்லி முடிக்கவே ஏறத்தாழ 30 விநாடி ஆகும். மொபைல் அதை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். தனியாக வாங்கிப் பொருத்திய கருவிக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

இணையம் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பதறுவது

போகாது. மொபைல் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது. இணையம் இல்லாதபோது காணாமல் போவது வரைபடம். அதை முன்னாலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

புள்ளியைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

என் எரிச்சலுக்குக் காரணமான தவறு இதுதான்.

சாலையின் நடுக்கோட்டில் பிசகாமல் நகரும் அந்தப் புள்ளியை ஜிபிஎஸ் அளந்த இடம் என்று நினைக்கிறோம். அது அளந்த இடம் அன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்புகின்றன. அந்தச் சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் குறிக்க மூன்று செயற்கைக்கோள்கள், கருவியின் மலிவான கடிகாரத்தைத் திருத்த நான்காவது ஒன்று, ஆகக் குறைந்தது நான்கு வேண்டும். ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடிவிடும் என்பதால் நேரத்தில் இம்மி பிசகினாலும் இடம் நகர்ந்துவிடும்.

திறந்த வானத்தின் கீழ் மொபைலின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்பது ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் தாமதமாக வருகிறது. கருவி அதை நேர்வழியில் வந்ததாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. அங்கே பிழை பல பத்து மீட்டர் வரை போகும். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் புதிய மொபைல்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன, முற்றிலும் தீர்த்துவிடவில்லை.

உயரக் கணக்கு இன்னும் மோசம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே இருந்து ஒன்றும் பேசுவதில்லை. அதனால் பக்கவாட்டுப் பிழையைவிட மேல்கீழ்ப் பிழை பெரிதாகிறது. பாலத்தின் மேலா, கீழா என்ற கேள்விக்கு ஜிபிஎஸ்ஸிடம் நம்பத்தக்க பதில் கிடையாது.

இப்படிக் கிடைத்த இடத்தை அப்படியே வரைந்தால் புள்ளி வயலிலும் வீட்டுக்கூரையிலும் தாவிக்கொண்டிருக்கும். அதனால் செயலி அந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சாலைகளைப் பார்க்கிறது, நாம் இதுவரை வந்த சாலை, போகும் திசை, வேகம் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுகிறது, பிறகு புள்ளியை ஏதோ ஒரு சாலையில் ஒட்டிவைக்கிறது. பெரும்பாலும் சரியாகவே ஒட்டும். ஆனால் நாம் திட்டமிட்ட பாதையின்மேல் அதற்கு ஒரு சாய்வு உண்டு. இரண்டு சாலைகள் மெல்லிய கோணத்தில் பிரிந்து பக்கத்தில் பக்கத்திலேயே ஓடினால், நாம் தவறான கிளையில் இறங்கிய பின்னும் புள்ளி சரியான கிளையிலேயே போய்க்கொண்டிருக்கும். நாம் தவறியிருக்கிறோம் என்பது தெரிய வேண்டிய அந்த நேரத்தில்தான் திரை எல்லாம் சரி என்று காட்டுகிறது.

எனக்கு நடந்ததும் இதுதான். விடியாத இருட்டு, நல்ல மழை. காலை 9 மணிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். சாலை கவட்டைபோல் பிரிந்தது. வலப்பக்கம் போயிருக்க வேண்டும், இடப்பக்கம் இறங்கிவிட்டேன். சாலை குறுகியது, தார் தேய்ந்து மண் தெரிந்தது. பின்னால் இருந்தவர் "இது சரியான வழிதானா?" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்தேன், புள்ளி நெடுஞ்சாலையின் நடுவே கம்பீரமாக நின்றது. "சரியாகத்தான் போகிறோம்" என்றேன். கண் முன்னால் மண்பாதை, விளக்கு வெளிச்சத்தில் சேறு. இருந்தும் திரையைத்தான் நம்பினேன்.

ஒரு கிலோமீட்டர் தாண்டிய பிறகு புள்ளி திடீரென்று துள்ளி, பெயரில்லாத ஒரு கோட்டில் போய் உட்கார்ந்தது. திருப்ப இடமில்லை. பின்னால் எடுத்தபோது சக்கரம் வடிகாலில் இறங்கிவிட்டது. இழுவை வண்டி வந்து தூக்கியபோது மணி பத்து. பழுதுபார்க்க ஆன செலவு மறந்துவிட்டது. அவர் மொபைலில் யாரிடமோ "இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள்" என்று கெஞ்சிய குரல் மறக்கவில்லை.

2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கலங்கலாகத் தந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். அந்தக் காலத்தில் கருவியை நம்பி யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 5 மீட்டர் துல்லியம் வந்த பிறகுதான் இந்த நோய் பிடித்தது. இரண்டு சாலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே சில இடங்களில் அந்த 5 மீட்டர்தான் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

என்னிடம் ஓட்டப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. பிரிவு வருவதற்கு முன்பே சாலையோரப் பெயர்ப்பலகையைப் படியுங்கள். பிரிவைத் தாண்டியதும் அடுத்த சில நூறு மீட்டருக்குத் திரையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் அதன் சாட்சி செல்லாது. சாலையின் அகலம், நடுக்கோடு, எதிரே வரும் வண்டிகள் இவற்றைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்தி, வழிகாட்டுதலை அணைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் திறங்கள். பல செயலிகளில் அப்போது புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். வழிகாட்டும்போது மறைந்திருந்த பிழையின் அளவு அது. ஆண்ட்ராய்டு தரும் அந்த ஆரம் 68 சதவீத நம்பிக்கையைத்தான் குறிக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை வண்டி வட்டத்துக்கு வெளியேகூட இருக்கலாம்.

சுரங்கப்பாதையில் நகரும் அம்பு

உள்ளே சமிக்ஞை கிடையாது. காரோடு வரும் கருவி சக்கரச் சுழற்சியையும் திரும்பும் கோணத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது, அதை ஓரளவு நம்பலாம். மொபைலுக்குச் சக்கரத்தோடு தொடர்பில்லை. உள்ளே நுழைந்தபோது இருந்த வேகத்தை வைத்து ஊகித்துக்கொண்டே அம்பை நகர்த்தும். நீங்கள் நெரிசலில் நின்றுவிட்டால் அம்பு உங்களை விட்டுவிட்டு வெளியே போய்விடும். சுரங்கத்துக்குள் பிரிவு இருந்தால், எந்தக் கிளை என்பதை நுழைவதற்கு முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேருமிடக் குறியை வாசல் என்று எண்ணுவது

பெரிய வளாகங்களுக்குக் குறி பெரும்பாலும் நடுவில் குத்தப்பட்டிருக்கும். செயலி அந்தக் குறிக்கு மிக அருகில் உள்ள சாலைக்கு நம்மைக் கொண்டுபோகும். அது பின்பக்கச் சந்தாக இருக்கலாம், இடையே உயர்ந்த மதில் இருக்கலாம். "வந்துவிட்டீர்கள்" என்று குரல் சொல்லும், உள்ளே போக வழி இருக்காது. கிளம்புவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி வாசலைக் கண்டுபிடித்து, அங்கே குறியை வையுங்கள்.

முன்கண்ணாடி

வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி சமிக்ஞையையும் தடுக்கும்.

வண்டியின் உயரம்

கார்களுக்கான செயலிக்கு அது தெரியாது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் பலகையைப் படியுங்கள்.