டயல்-அப் எங்கே நிற்கிறது? மோடம் விளக்குகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

தொலைபேசி லைன் வழியாக இணையத்தில் சேரும் டயல்-அப் இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் பலரும் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் டிரைவரை அழித்து மீண்டும் போடுகிறார்கள். அதற்கு முன் மோடத்தின் முகப்பை ஒரு நிமிடம் பாருங்கள். நான் சொல்வது சீரியல் கேபிளில் கணினியோடு சேரும் பெட்டி மோடத்தை. அதன் முகப்பில் உள்ள சின்ன விளக்குகளில் சில கணினிப் பக்கத்து நிலைமையைச் சொல்லும், சில தொலைபேசிப் பக்கத்தைச் சொல்லும். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் எம்.ஆர் (MR) என்ற விளக்கு. மோடத்துக்கு மின்சாரம் வந்து அது தயாராக இருந்தால் இது எரியும். எரியவில்லையா? அடாப்டரைப் பாருங்கள்.

அடுத்தது டி.ஆர் (TR). 'நான் தயார்' என்று கணினி சொல்லும் டி.டி.ஆர் (DTR) சிக்னலைக் காட்டும் விளக்கு இது. ஒன்பது பின் கேபிளில் நான்காவது பின். மோடத்துக்குக் கட்டளை அனுப்ப உதவும் ஹைப்பர்டெர்மினல் அல்லது மினிகாம் மென்பொருளைத் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். திறந்தும் எரியாவிட்டால் மென்பொருளில் தவறான காம் போர்ட்டை (கணினியின் சீரியல் இணைப்பை) தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது கேபிளில் கோளாறு. சில மோடங்களில் இந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாதபடி டிப் ஸ்விட்ச் என்ற குட்டி ஸ்விட்சை வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. ஸ்விட்சை முதலில் சரிபாருங்கள்.

இப்போது அதே மென்பொருளில் ஏ, டி (AT) என்ற இரண்டு எழுத்தையும் அடித்து என்டர் தட்டுங்கள். இரண்டும் பெரிய எழுத்தாகவோ இரண்டும் சின்ன எழுத்தாகவோ இருக்க வேண்டும், கலந்து அடித்தால் மோடம் ஏற்காது. அடிக்கும்போது கணினி அனுப்புவதைக் காட்டும் எஸ்.டி (SD) மினுக்க வேண்டும், ஓகே என்ற பதில் வரும்போது கணினிக்கு வருவதைக் காட்டும் ஆர்.டி (RD) மினுக்க வேண்டும். எஸ்.டி மட்டும் மினுக்கிப் பதில் வரவில்லை என்றால், நீங்கள் அனுப்புவது மோடத்துக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஓகே வந்துவிட்டதா? அப்படியானால் கணினிப் பக்கம் அநேகமாகச் சரி. இனி தொலைபேசிப் பக்கம்.

டயல் செய்யும்போது ஓ.எச் (OH) எரியும். ரிசீவரைத் தூக்கியதற்குச் சமம் இது. ஓ.எச் எரிந்தும் டயல் டோன் இல்லை என்று செய்தி வந்தால், தொலைபேசி வயரை மோடத்தின் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். லைன், போன் என்று இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வருவது லைனில்தான் போக வேண்டும். வாய்ஸ்மெயில் காத்திருக்கும்போது சில லைன்களில் டயல் டோன் விட்டுவிட்டு வரும், அதையும் மோடம் டோன் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ஏடிஎக்ஸ்3 (ATX3) கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். டயல் செய்த பிறகும் டோன் அப்படியே கேட்டால், உங்கள் எக்ஸ்சேஞ்ச் பல்ஸ் முறையைத்தான் எதிர்பார்க்கிறதோ என்னவோ. டயல் செய்யும் கட்டளையில் டோன் முறைக்கான ஏடிடிடி-க்குப் (ATDT) பதில் பல்ஸ் முறைக்கான ஏடிடிபி (ATDP) போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கிறீச்சொலி. இரண்டு மோடங்களும் எந்த வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசும் நேரம் அது. முடிந்ததும் சி.டி (CD) எரியும், எதிர்முனை மோடத்தின் கேரியர் (தகவலைச் சுமந்து வரும் சிக்னல்) கிடைத்துவிட்டது என்று பொருள். கிறீச்சொலி நீண்டும் சி.டி எரியவில்லை என்றால் லைனில் இரைச்சல் இருக்கலாம். ரிசீவரைக் காதில் வைத்துக் கரகரப்பு கேட்கிறதா பாருங்கள். ஏடிஎஸ்7=90 (ATS7=90) என்று கட்டளை கொடுத்தால் மோடம் கேரியருக்காக 90 வினாடி வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

இணைப்பு வந்து பாதியில் அறுந்தால் எந்த விளக்கு முதலில் அணைகிறது என்று கவனியுங்கள். எனக்கு மிகவும் உதவியது இந்தச் சோதனைதான். டி.ஆர் எரியும்போதே சி.டி அணைந்தால் எதிர்முனை வைத்துவிட்டது, அல்லது லைன் விட்டுப்போனது. கடவுச்சொல் தவறானாலும் எதிர்முனை இப்படித்தான் வைத்துவிடும். கால் வெயிட்டிங் ஒலி கேரியரை ஒரு கணம் மறைப்பதாலும் நடக்கும். ஏடிஎஸ்10=50 (ATS10=50) என்று கொடுத்தால், கேரியர் போனாலும் மோடம் 5 வினாடி வரை பொறுத்துக்கொள்ளும் (இந்த எண் பத்தில் ஒரு வினாடிக் கணக்கு).

டி.ஆர் முதலில் அணைந்தால் வைத்தது உங்கள் கணினி. என் வீட்டில் வாரக்கணக்கில் லைனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேஜை அசைந்தபோது டி.ஆர் சட்டென்று அணைந்து எரிந்ததைப் பார்த்தேன். கேபிளின் நான்காவது வயர் பிளக்குக்குள் விட்டிருந்தது. டி.டி.ஆர் போனால் உடனே துண்டிக்கும்படி மோடம் அமைந்திருந்ததால் ஒவ்வொரு அசைவுக்கும் இணைப்பு போயிருக்கிறது. புதுக் கேபிள் போட்ட பிறகு அந்த விளக்கு நடுவில் அணையவில்லை.