பழைய வீட்டுக் கொம்பியூட்டர்: பார்ட்ஸ் மாற்றுவதா, மெஷினையே மாற்றுவதா?

ஏழெட்டு வருடம் ஓடின டெஸ்க்டொப் ஒன்று வீட்டில் இருந்தால் இரண்டு விதமான புத்திமதி வரும். திருத்துகிற கடையில் "ரேம் போடுங்கோ, பறக்கும்" என்பார்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா "உதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்பார். இரண்டு பேருமே உங்கள் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நீங்களே பார்த்து முடிவெடுக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பின்னேரமும் போதும்.

முடிவெடுக்கும்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: அடுத்த மெஷினுக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கு மட்டும் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

படி 1: தூசு தட்டுங்கள்

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்துத் தகட்டைத் திறவுங்கள். சோளகக் காற்று முடிந்த கையோடு திறந்தால் உள்ளே ஒரு பிடி மண் இருக்கும். காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டுங்கள். விசிறியைத் துடைக்கும்போது அது சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் கொம்பியூட்டரின் மூளையான பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் சில மெஷின்களுக்கு இந்தத் துப்புரவே வைத்தியம்.

உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை ஒருதரம் தொட்டுவிட்டு, ரேமை (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பலகை) கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் திகதியும் நேரமும் பழையபடி பின்னுக்குப் போகிறதா? எல்லாப் பாகங்களும் ஏறியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி முடிந்துவிட்டது. நாணயம் போல வட்டமாக இருக்கும், மலிவான சாமான்.

குருநகர், பருத்தித்துறை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் மதர்போர்டை வடிவாகப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தாலும், சின்னச் சின்ன உருளைகளின் தலை வீங்கியிருந்தாலும், அந்தப் போர்டுக்காக இனி ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

படி 2: எது இழுக்கிறது என்று பாருங்கள்

கொம்பியூட்டரைப் போட்டு, வழக்கமாகச் செய்கிற வேலையைத் தொடங்குங்கள்: குரோமில் நாலைந்து பக்கம், பிள்ளையின் சூம் வகுப்பு, ஒரு வேர்ட் கோப்பு. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மூன்று வரிகள் முக்கியம்.

டிஸ்க் வரி 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். நம் வீடுகளில் அநேகமாக இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டுச் சுற்ற, ஊசி ஒன்று அங்கும் இங்கும் ஓடித் தரவைத் தேடும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டி தரவைச் சிப்பில் வைக்கும், அதில் அசைகிற பொருள் எதுவும் கிடையாது. தொடர்ந்து வாசிக்கும்போது ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் எம்பி தரும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வரை தரும். விண்டோஸ் தொடங்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் தேட வேண்டும், அங்கே வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

மெமரி வரியும் 85 சதவீதத்துக்கு மேல் நின்றால் அவசரப்படாதீர்கள். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கிறது, டிஸ்க் திணறுவது அதனாலும் இருக்கலாம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள், வீட்டு வேலைக்குக் காணும். ஆனால் விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது எடுக்காது, 64 பிட் விண்டோஸ் போட வேண்டும்.

எந்த ரேம் வாங்குவது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். வேகம் 1333 அல்லது 1600 என்றால் டிடிஆர்3 வகை ரேம். 2133 முதல் 3200 வரை என்றால் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. டிடிஆர்3 ரேமை அடுத்த மெஷினுக்குக் கொண்டு போக முடியாது, ஆகவே பாவித்த ரேமாக வாங்குங்கள்.

சிபியு (பிராசசர்) வரி மட்டும் சாதாரண வேலைக்கே 90க்கு மேல் நின்றால் கதை வேறு. பிராசசரை மாற்ற மதர்போர்ட், மதர்போர்டை மாற்ற ரேம் என்று அது சம்பந்தி வீட்டுச் செலவு மாதிரி ஒன்றில் நிற்காது. மெஷினை மாற்றுங்கள்.

படி 3: பிராசசரின் வயது

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு மைக்ரோசொஃப்ட் பதிவுசெய்துகொள்ளச் சொன்ன நீட்டிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அநேகமாக அதிலிருந்துதான் தொடங்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுகம். ஐ5-3470 என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் 3, மூன்றாம் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐ5-10400 பத்தாம் தலைமுறை.

எட்டுக்குக் கீழே இருந்தாலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஏறும்தான், ஆனால் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கு திறக்கிற மெஷினில் நான் அதைச் செய்யமாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம், 4 ஜிபி ரேமிலும் ஓடும். பென்டிரைவில் இருந்தபடியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் பதியலாம். பிரின்டர் வேலை செய்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

படி 4: கணக்குப் போடுங்கள்

டொலர் ஏறி இறங்குகிறபடி விலையும் மாறும், 2025 கடைசியில் இருந்து ரேம் விலை வேறு உலகம் முழுக்க எகிறியிருக்கிறது. ஆகவே அன்றைய விலையைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு கடை, கொழும்பு யூனிட்டி பிளாசாப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் அங்கேயும் ஒன்று.

ஒப்பிட வேண்டியது புத்தம் புது மெஷினின் விலையோடு அல்ல. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி, எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள மெஷின் ஒன்றின் விலையைக் கேளுங்கள். பழையதுக்குப் போடும் பார்ட்ஸ் செலவு அந்த விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நான் போடுவதில்லை. எஸ்எஸ்டியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி அநேகமாக எந்த டெஸ்க்டொப்பிலும் ஏறும், நாளைக்குக் கழற்றி எடுக்கலாம். யூபிஎஸ்ஸும் அப்படித்தான்.

பாவித்த மெஷின் வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஒப்டிபிளெக்ஸ் 7010 என்ற ஒரே பெயரில் 2012இலும் வந்தது, 2023இலும் வந்தது. பிராசசர் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒடுங்கிய சின்னக் கேசிங் உள்ளவற்றில் பவர் சப்ளை அந்தந்தக் கொம்பனிக்கே உரிய அளவில் இருக்கும், பழுதானால் பொருந்துவது தேடுவது கஷ்டம். எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 5: கை வைக்க முன்

படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, வேறு கொம்பியூட்டரில் திறந்தும் பாருங்கள். பலர் மறப்பது பாமினி எழுத்துரு. சங்கக் கடிதம், கோயில் நோட்டீஸ், பிள்ளையின் பழைய ஒப்படை எல்லாம் பாமினியில் அடித்திருந்தால், அது இல்லாத மெஷினில் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து பாமினியைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் அதே கோப்பைப் பதியலாம்.

மெஷினை விற்பதானாலும் யாருக்காவது கொடுப்பதானாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.