கடைப் பட்டியலில் சேரும் முன்

காட்பாடியில் என் வீட்டு மொட்டை மாடிதான் பட்டறை. பக்கத்து ஊரான கரிகிரியின் மண்பாண்டங்களை வாங்கி, வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகளை அவற்றில் வரைகிறேன். தனிக் கலைஞர்களுக்கான ஆன்லைன் கடைப் பட்டியல் ஒன்றில் முதலில் விண்ணப்பித்தபோது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். 'முழுக்க என் கைவேலை' என்று போட்டிருந்தேன்; பானையை வனைந்தது குயவர் ஆயிற்றே!

இப்போது 'பானை கரிகிரிக் குயவருடையது, ஓவியம் என்னுடையது' என்றே எழுதுகிறேன். எதை வாங்கினீர்கள், எதைச் செய்தீர்கள் என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள். பாதி வரைந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பதிப்புரிமை. சினிமா நடிகர் படம், கார்ட்டூன் பொம்மை வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் மறைந்தவர், அவர் ஓவியத்தைப் பார்த்து வரையலாம். நேற்று பார்த்த காலண்டர் படத்தை வரையக் கூடாது.

அப்புறம் கடை இணைப்பு, அனுப்ப ஆகும் நாட்கள், உடைந்தால் என்ன செய்வீர்கள் என்ற விவரம். மண்பாண்டம் விற்பவர்கள் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விண்ணப்பத்தை அனுப்பவே வேண்டாம். நான் வைக்கோலும் இரட்டை அட்டைப் பெட்டியும் என்று எழுதினேன்.