முப்பது நொடி வீடியோவில் இல்லாத பாதி: வினோத பானங்களில் நாம் சறுக்கும் இடங்கள்

2020 தொடக்கத்தில் தென்கொரிய நடிகர் ஜங் இல்-வூ, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக மக்காவ் போயிருந்தார். அங்கே அடித்து நுரைத்த காபி ஒன்றைக் குடித்தவர், அது டல்கோனா என்கிற பழைய மிட்டாயை நினைவூட்டுகிறது என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் ஊரடங்கு வர, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கை வலிக்கக் கால் மணி நேரம் அடித்தும் கிண்ணத்தில் இருந்தது பழுப்புத் தண்ணீர்தான்.

நல்ல காபி போட்டால் நல்ல நுரை வரும் என்ற நினைப்பில், இன்ஸ்டன்ட் தூளைக் கேவலமாகப் பார்த்துவிட்டுக் கெட்டி டிகாக்‌ஷனில் இறங்கியதுதான் என் தவறு. எவ்வளவு கெட்டியான டிகாக்‌ஷனும் பெரும்பாலும் தண்ணீர்தான். இன்ஸ்டன்ட் தூள் அப்படியல்ல. காபியை வடித்து, அதிலிருக்கும் தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சும் சத்து அது. இரண்டு கரண்டித் தூளை இரண்டே கரண்டி வெந்நீரில் கரைத்தால் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைக்கும் பொருள்கள் அதில் நெருக்கமாக இருக்கும். சர்க்கரைக்கும் அங்கே வேலை உண்டு. கரைசலைப் பிசுபிசுப்பாக்கி, குமிழிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதனால்தான் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு என்கிறார்கள். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் நுரை வரும், ஆனால் படம் எடுப்பதற்குள் அமுங்கிவிடும். அப்புறம், நுரையை மேலே வைத்து அப்படியே உறிஞ்சினால் கசப்புதான் வாயில் ஏறும். நன்றாகக் கலக்கிக் குடிக்க வேண்டிய பானம் அது.

வீடியோ கோப்பையைக் காட்டுகிறது, காரணத்தை வெட்டிவிடுகிறது. பானங்களைப் பற்றி வரும் வினோதச் செய்திகள் முக்கால்வாசிக்கும் இதே கதைதான். அந்த வெட்டிய இடத்தில்தான் நாம் சறுக்குகிறோம்.

சங்குப்பூ பானத்தை எடுத்துக்கொள்வோம். நீலமாக இருப்பது எலுமிச்சை பட்டதும் ஊதாவாகி, இளஞ்சிவப்பை நோக்கி நகர்கிறது. மந்திரம் ஒன்றுமில்லை, பூவிலிருக்கும் ஆந்தோசயனின் நிறமி அமிலத்தைச் சந்தித்ததும் நிறம் மாறுகிறது. இதில் பலரும் செய்யும் தவறு, பாத்திரத்திலேயே எலுமிச்சையைப் பிழிந்துவிடுவது. விருந்தாளி முன்னால் வரும்போது கூத்து முடிந்திருக்கும். சாற்றைத் தனியாகச் சின்னக் குவளையில் கொடுங்கள், அவரே ஊற்றிக்கொள்ளட்டும். நீலம் அப்படியே இருக்க வேண்டுமென்றால் டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடாவைச் சேர்க்காதீர்கள், அதில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் ஊதாவாகிவிடும். மேலே நீலம், கீழே வேறு நிறம் என்று அடுக்கடுக்காக வர வேண்டுமா? சர்க்கரை அதிகம் உள்ள கனமான சாறு முதலில், அதன்மேல் பனிக்கட்டி, கடைசியில் நீலத் தேநீரைப் பனிக்கட்டியின் மேலேயே மெல்ல ஊற்றுவது என்று வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றினால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

கோல்ட் ப்ரூவில் ஒரு சின்னக் குழப்பம். சூடாகப் போட்ட காபியில் ஐஸ் போட்டால் அது ஐஸ் காபி. கோல்ட் ப்ரூ என்பது காபித்தூளைக் குளிர்ந்த தண்ணீரில் 12 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை ஊறவைத்து வடிப்பது. வீட்டில் இதைப் பெரும்பாலும் செறிவாகத்தான் செய்வோம், பிறகு தண்ணீரோ பாலோ சேர்த்து இளக்க வேண்டும். கசப்பு தெரியாததால் சிலர் அதை அப்படியே டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

கொம்புச்சா என்கிற புளித்த தேநீர் மாதிரியான பானங்களுக்கு வருவோம். இதில் அவசரம் ஆபத்து. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, பானம் பொங்குவது அதனால்தான். பாட்டிலை மூடிவிட்டோம், வேலை முடிந்தது என்று நாம் நினைத்தாலும் ஈஸ்ட் நிறுத்துவதில்லை. பழச்சாறு சேர்த்திருந்தால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். ஒருமுறை நான் புளிக்கவைத்த இஞ்சி சோடாவை அழகான சதுரக் கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, வெக்கையான சமையலறை அலமாரியில் மூன்று நாள் மறந்துவிட்டேன். கிளிப்பை லேசாகத் தளர்த்தியதும் மூடி கையை விட்டுத் தெறித்தது. கூரையில் இஞ்சித் துணுக்கு, என் மூக்குக்கண்ணாடியில் இஞ்சித் துணுக்கு, பாட்டிலில் இரண்டு வாய் சோடா. உடையாமல் விட்டது என் அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் சதுர பாட்டிலின் மூலைகளில் அழுத்தம் குவியும். அலங்காரத்துக்குச் செய்த கண்ணாடி இதற்கு ஆகாது. வாயுவைத் தாங்குவதற்கென்றே செய்த தடித்த உருண்டை பாட்டில் வேண்டும், கழுத்துப் பக்கம் இரண்டு விரல் இடமும் விட வேண்டும். நிரப்பும்போது ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அதே பானத்தைக் கொஞ்சம் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதை அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி இறுகியிருந்தால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டிய நேரம். குளிரில் ஈஸ்ட் மந்தமாகுமே தவிர, முழுதாக நிற்காது.

ஈஸ்ட் வாயுவோடு கொஞ்சம் ஆல்கஹாலையும் தருகிறது. 2010இல் அமெரிக்காவில் சில கொம்புச்சா பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். ஆல்கஹால் இல்லாத பானத்துக்கு அங்கே உள்ள 0.5 சதவீத வரம்பை அவை தாண்டியிருக்கலாம் என்பதுதான் காரணம். மதுவை அறவே தவிர்ப்பவர்கள், அதுவும் வீட்டுத் தயாரிப்பைக் குடிப்பவர்கள், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை விடவைக்கும் பானம் விளையாட்டே இல்லை. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அது வாயுவாக மாறும்போது கிட்டத்தட்ட 700 மடங்கு விரியும். 2012இல் இங்கிலாந்தில் பிறந்தநாள் கொண்டாடப் போன ஒரு 18 வயதுப் பெண் அப்படிப்பட்ட பானத்தைக் குடித்ததில், இரைப்பையையே அறுவை சிகிச்சையில் எடுக்க வேண்டியதாயிற்று. பரிமாறும் நேரத்தில் திரவ நைட்ரஜன் சேர்க்கும் உணவு, பானங்களைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. புகையைப் பார்த்துப் பயப்படுகிறோம், அடியில் கிடக்கும் திரவத்தைப் பார்ப்பதில்லை. உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர் பனிக்கட்டியும் இதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான். மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இருக்கும் அந்தத் துண்டு குவளையின் அடியில் தங்கி, கடைசி மடக்கில் வாய்க்குள் வந்துவிடும். மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். என்னைக் கேட்டால் வீட்டில் இரண்டுமே வேண்டாம்.

கறுப்பு லெமனேட் பார்ப்பதற்கு அட்டகாசம். கறுப்புக்குக் காரணமான ஆக்டிவேட்டட் சார்கோல், விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் பொருள். வயிற்றில் இருப்பதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்வது அதன் வேலை. அதற்கு விஷம் எது, நீங்கள் காலையில் போட்ட மாத்திரை எது என்று தெரியாது. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இதை 'உடலைச் சுத்தம் செய்யும் பானம்' என்று நம்பிக் குடிப்பது பெரிய தவறு. நியூயார்க் நகரம் 2018இல் உணவுக் கடைகளில் இதைச் சேர்க்க விடாமல் தடுத்தது.

குழந்தைகளுக்கு வாங்கித் தரும் வண்ண வண்ண ஸ்லஷ் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை குறைந்தால் பானம் கட்டியாக உறைந்துவிடும். உறையாமல் இருக்கக் கிளிசரால் என்கிற இனிப்பான திரவத்தைச் சேர்ப்பார்கள். சின்ன உடம்பில் அது ஒரேயடியாகச் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட ஸ்லஷ் வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025இல் சொன்னது. 'சர்க்கரை குறைவு' என்ற அட்டையைப் பார்த்து நிம்மதியாக வாங்கிவிடுகிறோம், விஷயமோ அந்த அட்டையில்தான் ஒளிந்திருக்கிறது.

சரி, குடிப்பதை விடுங்கள். செய்தியைப் படிப்பதிலும் தவறு செய்கிறோம். 'ருசித்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்' என்று வந்தால் எவ்வளவு ருசித்தார்கள் என்று கேளுங்கள். கோகோ கோலா தன் பழைய செய்முறையை மாற்றி 1985 ஏப்ரல் 23 அன்று புதிய கோக்கைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் ருசி சோதனை நடத்தி, புதியதற்கே அதிக ஆதரவு இருப்பதையும் பார்த்திருந்தார்கள். இருந்தும் மக்கள் கொதித்துப் போனதில் 79 நாளில் பழையது திரும்ப வந்தது. ஒரு மடக்கில் கூடுதல் இனிப்பு ஜெயித்துவிடும், ஒரு வருடம் முழுக்கக் குடிப்பது வேறு. பழைய கோக்கை எடுத்துவிடுவோம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று அந்தச் சோதனையில் யாரும் கேட்கவும் இல்லை.

மரநாய் தின்று வெளியேற்றிய கொட்டையில் போடும் கோபி லுவாக் காபி உலகத்தின் விலை உயர்ந்த காபிகளில் ஒன்று. காட்டு மரநாய் நல்ல பழுத்த பழமாகப் பொறுக்கித் தின்னும் என்பதுதான் மூலக் கதை. கூண்டில் அடைத்துக் கொடுத்ததைத் தின்னும் மரநாய்க்குப் பொறுக்க என்ன இருக்கிறது? கூண்டில் அவை படும் பாடு தனிக் கொடுமை. போலியும் ஏராளம். அசலைக் கண்டுபிடிக்க 2013இல் ஒசாகா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேதியியல் வழியை உருவாக்க வேண்டியிருந்தது என்றால், அட்டையில் உள்ள படத்தை நம்பி வாங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

கடலடியில் கிடந்த ஷாம்பெயின் கதையும் இப்படிப்பட்டதுதான். 2010இல் பால்டிக் கடலில் ஆலண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 168 பாட்டில்களை எடுத்தார்கள். கிட்டத்தட்ட 170 ஆண்டு பழசு. ஒரு பாட்டில் அடுத்த வருட ஏலத்தில் 30,000 யூரோவுக்குப் போனது. உடனே பாட்டில்களைக் கடலில் இறக்கி 'கடல் முதிர்ச்சி' என்று விற்கும் மோகம் வளர்ந்தது. 2023இல் கலிபோர்னியாவில் அனுமதியில்லாமல் அப்படி இறக்கிய சுமார் 2,000 பாட்டில்களை அதிகாரிகள் அழித்தார்கள். பழைய பாட்டில்களைக் காப்பாற்றியது உப்பும் சிப்பியும் அல்ல. இருட்டும், 2 முதல் 4 டிகிரியிலேயே நின்ற குளிரும்தான். இரண்டும் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே கிடைக்கும்.

ருசி எப்படி? 2015இல் வெளிவந்த ஆய்வின்படி, ருசித்தவர்களுக்கு முதலில் மூக்கில் ஏறியது விலங்கு வாடை, ஈர முடி, பாலாடைக்கட்டி. குவளையைச் சுழற்றிக் காற்றுப்பட்ட பிறகுதான் புகை, மசாலா, தோல் வாசனை வந்தது. ஒரு லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. இன்றைய 'ப்ரூட்' என்கிற இனிப்பு குறைந்த ஷாம்பெயினில் 12 கிராமுக்குள்தான் இருக்கும். அந்தக் கப்பலில் போய்க்கொண்டிருந்த சரக்கு இன்றைய கோலாவைவிட இனிப்பு.